மூலைத் துளை

மார்ச் 18, திங்கள்

குளிர்காலம் முழுவதும் ஒரு விவசாயியின் கொட்டகையில் நிறுத்தியிருந்த கேம்பர் வண்டியை, படுக்கையும் குளியலும் உள்ளேயே உள்ள எங்கள் பயண வண்டியை, இன்று வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். உள்ளே கழுவும்போதுதான் கண்டேன்: ஷவர் தட்டில், நின்று குளிக்கும் அந்தப் பிளாஸ்டிக் தரையில், விரிசல். மனம் பதறும்போது எண் போட்டு எழுதுவது என் பழக்கம். இனி இந்தப் பக்கங்களில் வரப்போவது:

1. விரிசல் எங்கே, எவ்வளவு.
2. யார் காரணம். (அநேகமாக நான்.)
3. மே மாதம் நார்வே கிளம்புவதற்குள் எப்படிச் சரிசெய்வது.
4. என் மனைவி ரென்ஸ்காவின் பேச்சு. அவள் அதை மனதாரச் சொல்வதில்லை. நானும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

நான்காவது இங்கே எதற்கு? அடித்துவிடலாமா? இருக்கட்டும்.

விரிசல் ஷவரின் வாசலருகே இருக்கும் வடிகால் துளையிலிருந்து நடுத்தட்டு வரை போகிறது. மயிரிழைதான். ஆனால் கால் வைத்தால் வாய் திறக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தன வருஷம் பசங்களுக்கு லத்தீன் சொல்லிக்குடுத்தே. ஒரு தட்டு மேல நிக்கத் தெரியல உனக்கு."

இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு அவளால் முகாம்களின் பொதுக் குளியலறைக்குப் போக முடியாது. ஈரத்தரை என்றாலே பயம். இந்த ஷவர் இல்லையென்றால் பயணம் இல்லை. குளிர்காலம் முழுக்க நான் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டின் முடிவில், மலைச்சரிவில், கருத்த மரத்தில் கட்டிய ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் வேறு ஆசை எனக்கில்லை.

மார்ச் 20

விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். தட்டுக்கு அடியில் வெற்றிடம். தாங்க ஒன்றும் இல்லாததால்தான் வளைந்து விரிசல் விட்டிருக்கிறது. யார் நின்றாலும் விரிசல் விட்டிருக்குமோ? இதை ரென்ஸ்காவிடம் சொல்லவில்லை. சாக்கு என்பாள்.

தட்டில் இரண்டு துளைகள் உண்டு. வண்டி சமமாக நின்றால் தண்ணீர் வாசல் துளையில் இறங்கும். சரிவில் மூக்கு தூக்கி நின்றால் உள்மூலைத் துளைக்கு ஓடும். நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் ஃபிரீஸ்லாந்தில் நிலம் மேசை மாதிரி. இதுவரை போன டென்மார்க் கடற்கரைகளும் அப்படியே. மூலைத் துளை தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

மார்ச் 23

ரென்ஸ்காவின் தம்பி டௌவே வந்தான். ஃபைபர் படகு கட்டும் பட்டறை வைத்திருந்து விற்றவன். மனைவி இறந்தபின் ஞாயிறுதோறும் இங்கேதான் சாப்பாடு, இப்போது சனியும். குனிந்துகூடப் பார்க்கவில்லை. தட்டில் ஓட்டை போட்டு விரியும் நுரையை ஒரு டப்பா முழுக்க உள்ளே அடிக்கச் சொன்னான்.

அது விரிந்து தட்டைத் தூக்காதா என்று கேட்டேன்.

"நீங்க ஆயுசுல எத்தன படகு கட்டியிருக்கீங்க, வாத்தியாரே?"

ஒன்றும் இல்லை என்றேன். ரென்ஸ்கா சிரித்தாள்.

மார்ச் 24

அவன் சொன்னபடியே செய்தேன். டப்பா முழுவதும்.

மார்ச் 25

தட்டு கர்ப்பிணியின் வயிறு போல எழும்பி நிற்கிறது. விரிசல் இப்போது சுவர் வரைக்கும். டௌவே வந்து கைப்பேசியில் படம் எடுத்தான். "கொஞ்சமா அடிங்கன்னுதானே சொன்னேன்" என்றான். நான் ரென்ஸ்காவைப் பார்த்தேன். அவளும் அருகில்தான் இருந்தாள், அவன் முழு டப்பா என்று சொன்னபோது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, சனி

ரென்ஸ்காவின் பிறந்தநாள். வழக்கம்போல வீட்டு நாற்காலிகள், பக்கத்து வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றையும் வட்டமாகப் போட்டேன். வருகிறவர்கள் அவளோடு என் கையையும் குலுக்கி, மனைவிக்காக எனக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். டௌவே குலுக்கிய கையை விடவில்லை.

"வாழ்த்துகள், வாத்தியாரே. இத்தன வருஷமா உங்கள வெளிய தள்ளாம வச்சிருக்காளே, அதுக்கு."

காபியும் ஆப்பிள் கேக்கும் சுற்றி வந்தபோது அந்தப் படமும் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் ரசித்தார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கேக்கைப் பார்த்தாள். படம் என்னிடம் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன்தான் - வேறென்ன செய்வது?

அப்போதுதான் ரென்ஸ்கா அறிவித்தாள், உருளைக்கிழங்கு விலை சொல்வது போல. இந்த வருஷம் வண்டியை டௌவே ஓட்டுவான். நார்வேக்கு அவர்கள் இருவரும் போகிறார்கள்.

"வழியில ஏதாவது உடஞ்சா, கைவேல தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்ல."

நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பியது போல இருந்தது. நான் எழுந்து காபி ஊற்றப் போனேன்.

ஏப்ரல் 14

நிஜமாகவா என்று கேட்டேன். நிஜம்தானாம். வண்டியில் படுக்க மூன்றாவது இடம் இல்லை. பூனையையும் யாராவது பார்க்க வேண்டும். அப்படியென்றால் தட்டை யார் மாற்றுவது?

"உடைச்சது யாரு?"

ஏப்ரல் 22

புதுத் தட்டு வந்துவிட்டது. ஏன் இதைச் செய்கிறேன்? நன்றாகச் செய்தால் மனம் மாறுவாள் என்று ஒரு நினைப்பு. பள்ளிக்கூடப் பையன் நினைப்பு. பழைய தட்டை வெட்டி எடுத்தேன். கெட்டியான நுரையைக் கத்தியால் துண்டு துண்டாகச் சீவிக் கழித்தேன். முழங்கால்கள் என்னுடையவை போல இல்லை.

ஏப்ரல் 29

அடியில் மரச்சட்டங்கள் வைத்து, அவற்றின் மேல் ஒட்டுப் பலகை பொருத்தி, பசை தடவித் தட்டை இறக்கினேன். மேலே மணல் மூட்டைகள். அழகாக உட்கார்ந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு மகிழ்ச்சி.

மே 3

ஓரங்களில் தண்ணீர் புகாதபடி சிலிக்கோன் பூசி முடித்தேன். வாசல் துளைக்குக் குழாய் மாட்டி இறுக்கிவிட்டேன். மூலைத் துளையின் குழாயை இறுக்கிப் பிடிக்கும் பழைய கிளிப் வளையம் பெரிதாக இருக்கிறது. சரியான அளவு கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை குழாயைச் சும்மா செருகி வைத்திருக்கிறேன். வாசலில் சமமாக நிற்கும் வண்டியில் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தண்ணீர் அந்த மூலைக்குப் போகவே இல்லை.

ரென்ஸ்கா காலுறையோடு ஏறி நின்று பார்த்தாள். ஒரு காலை மாற்றி வைத்தாள். தட்டு அசையவில்லை.

"அசையலயே" என்றாள்.

காத்திருந்தேன்.

"டௌவேகிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவான்."

மே 7

கிளம்பிவிட்டார்கள். நாளை மறுநாள் என்றுதான் பேச்சு. வானிலை நன்றாக இருக்கிறது என்று டௌவே முந்திவிட்டான். கிளிப் வரவில்லை. நான் சாலையில் நின்று வண்டி பின்னால் வரக் கைகாட்டினேன். முன்கண்ணாடிக்குள் என் வரைபடம், என் பென்சில் கோட்டோடு.

டௌவே தலையை வெளியே நீட்டினான். "எல்லாம் முடிஞ்சுதா, வாத்தியாரே?"

தட்டு முடிந்தது என்றேன். மீதி வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது: மூலைத் துளைக்குக் கிளிப் இல்லை, சாய்வில் நிறுத்தினால் குளிக்க வேண்டாம். சொல்ல ஜன்னலருகே போனேன். ரென்ஸ்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"தள்ளி நில்லு, லோலே. உன் மேல ஏறிட்டா அதுக்கும் நான்தான் அலையணும்."

தள்ளி நின்றேன்.

மே 8

கிளிப் தபாலில் வந்தது. மிகச் சரியான அளவு.

மே 9

போன் செய்யலாம் என்று எடுத்தேன். பூனைக்குச் சாப்பாடு வைத்தேன்.

மே 11

ஸ்வீடனில் ஒரு ஏரிக்கரையிலிருந்து ரென்ஸ்காவின் செய்தி: வெந்நீர் வால்வு எங்கே? எந்தக் கதவுக்குப் பின்னால், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் எல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். அவள் கேட்டது வால்வைப் பற்றி. நான் சொன்னதும் வால்வைப் பற்றித்தான்.

மே 12

ஷவர் நன்றாக ஓடுகிறதாம். ஏரிக்கரைகள் சமமானவை.

மே 16

இன்று காலை போன். தேவாலயத்துக்குக் கீழே, சரிவில், நேற்று வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். ரென்ஸ்கா நிதானமாகக் குளித்திருக்கிறாள். தண்ணீர் முழுவதும் மூலையில் இறங்கி, செருகியிருந்த குழாயைத் தள்ளிவிட்டு, வண்டியின் அடித்தளத்துக்குள் பரவி, டௌவேயின் கட்டிலுக்கடியில் இருந்த துணிமணிகளை ஊறவைத்து, கடைசியில் வண்டிக்குள் நடக்கும் வழியின் விரிப்புக்கு வந்திருக்கிறது. ஷவரிலிருந்து வெளியே வைத்த முதல் காலே வழுக்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லையாம். இடுப்பு முழுக்கக் கறுத்திருக்கிறதாம், படியேற முடியவில்லை. தேவாலயத்தைக் கீழே இருந்துதான் பார்த்தாளாம். டௌவேயோடு பேச்சு இல்லை.

அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"டௌவே என்ன சொல்றான் தெரியுமா? நீ வேணும்னே பண்ணியிருப்பியாம். எனக்கு இந்த வலியிலயும் சிரிப்பு வந்துடுச்சு. லோலேயா, அதுக்கெல்லாம் ஒரு நெஞ்சு வேணும்டான்னு சொன்னேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"மறந்துட்டே, அவ்வளவுதானே?"

ஆமாம் என்றேன்.

"தெரியும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறாளாம். விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்யச் சொன்னாள். உடனே செய்துவிட்டேன்.

சமையலறை இழுப்பறையைத் திறந்து கிளிப்பைப் பார்த்தேன். இன்னும் உறை பிரிக்கவில்லை. பிறகு இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். நான்காவதில் ரென்ஸ்காவைப் பற்றி எழுதியது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. என்னைப் பற்றி எழுதியது தவறு.