லண்டனிலிருந்து மூன்று நாள்

மஸ்ஜித் தானா,
14.3.1951, புதன்

என் மகனுக்கு,

நேற்றுக் காலை லண்டனில் விமானம் ஏறுவதாகத் தந்தி அடித்திருந்தாய். பள்ளிக்கூட நிலப்படத்தில் நூல் வைத்து அளந்து பார்த்தேன். நீ வந்து இறங்கும் சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஏழாயிரம் மைல். கெய்ரோவிலும் கராச்சியிலும் இறங்கி ஏறி வர மூன்று நாளாகும். இந்நேரம் நீ கராச்சியைத் தாண்டியிருக்க முடியாது.

ஆனால் இன்று மாலை, நம் ரப்பர் தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் காவல் நிற்கும் மிக்கேல்ராஜ் வந்தான்.

"டீச்சர், தம்பி வந்துட்டாருலா. அடையாளக் கார்டு காட்டினாரு, புத்தகத்துல பேரு எழுதிக்கிட்டேன். காட்டுல கம்யூனிஸ்டுக்காரங்க இருக்கிற அவசரகாலமாச்சே, சொந்த மவனா இருந்தாலும் எழுதாம விட முடியாது."

அவனுக்குப் பின்னால் நீதான் நின்றாய். கொட்டும் மழையிலும் உன் கோட்டு நனைந்திருக்கவில்லை.

அந்தக் கார்டை நீ லண்டனுக்குப் புறப்பட்ட அன்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சற்று முன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துணிகளுக்கடியில் அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உன் லண்டன் விடுதி முகவரிக்கே அனுப்புகிறேன். நீ விமானத்தைத் தவறவிட்டு அங்கேயே இருந்தால், உடனே ஒரு தந்தி அடி. அம்மா திட்டமாட்டேன்.

சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டே, "யாருக்கும்மா எழுதுறீங்க?" என்று கேட்கிறாய். சித்திக்கு என்று சொல்லிவிட்டு, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் அம்மா