டாக்டரை ஆங்கிலத்தில் பேசச் சொன்னேன்

மார்ச் 12, செவ்வாய்

அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. ஈப்போ மருத்துவமனையில் இன்று சொன்னார்கள். மலாயில் பேசினால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று டாக்டரை ஆங்கிலத்தில் பேசச் சொன்னது நான்தான். மறுபடி அறுவை சிகிச்சை செய்ய முடியாதாம். மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் கிடைக்கலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். விழுங்க முடியாமல் போனால் உள்ளே குழாய் வைக்கலாம், மசித்த சோறு இறங்கும் என்றார்.

"மருந்து ஏத்துனா சரியாயிரும்பா" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

தலையாட்டினார். மோட்டார் கடையில் ஒரு பிளக் மாற்றவே பத்துக் கேள்வி கேட்கிறவர், ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதே உறுத்தியது. பத்து காஜா ஊரில் எங்கள் வீடு வரும்வரை ஓரக்கண்ணால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கார் ஓட்டினேன். எஸ்டேட் மானேஜருக்கு எத்தனையோ வருஷம் கார் ஓட்டியவர். பின்சீட்டில் மானேஜரும் கூட வந்தவர்களும் பேசியதெல்லாம் ஆங்கிலம்தானே? அது ஏன் காலையில் எனக்குத் தோன்றவில்லை?

வீட்டில் அம்மா, "டாக்டர் என்னா சொன்னாரு?" என்றார்.

"மருந்து ஏத்துனா சரியாயிருமாம்லா. படிச்ச புள்ள, பொய்யா சொல்லும்?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா கஞ்சி எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"குழா வச்சா சோறு நெசமா எறங்குமாம்மா?"

குழாய் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"மசிச்சா எறங்கும்பா" என்றேன். இன்று நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் டாக்டர் சொன்னது.