எண் அட்டையின் பின்பக்கம்

காலையில் உறையைக் கிழித்ததும் முதலில் விழுந்தவை நான்கு ஊக்குகள். ஒன்று மேசையிலிருந்து துள்ளி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. முழங்கால் முனக, குனிந்து தேடி எடுத்தேன். நான்கில் ஒன்று குறைந்தாலும் அட்டை படபடவென்று அடித்து உயிரை வாங்கும் என்று நீதான் சொல்வாய். அதற்குப் பிறகுதான் எண் அட்டை வந்தது. ஓடுகிறவர்கள் ‘பிப்’ என்கிறார்களே, அது. முன்பக்கம் பெரிய எண். பின்பக்கம் கட்டம் போட்ட சின்னப் படிவம். பெயர், ரத்த வகை, ஏதாவது நோய் உண்டா, ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், அவருடைய போன் எண்.

பெயர் எழுதினேன். ரத்த வகை எழுதினேன். நோய் என்ற இடத்தில் சர்க்கரை என்று எழுதி, கௌரவத்துக்காகப் பக்கத்தில் ‘கொஞ்சம்’ என்றும் சேர்த்தேன். அடுத்த கட்டத்துக்கு வந்தபோது கை தன்பாட்டுக்கு உன் எண்ணை எழுத ஆரம்பித்துவிட்டது. ஆறு இலக்கம் போன பிறகுதான் கவனித்தேன். அடித்துவிட்டு எழுந்தேன். டீ போட்டேன், குடிக்கவில்லை. துணி மடித்தேன், பாதியில் விட்டேன். பால்கனிக்குப் போனேன், வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். இன்று வியாழன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

“ஏட்டி, ஒன்னால ஒரு எடத்துல இருக்கவே முடியாதா?” என்று நீ முதல் முதலாகக் கேட்டது இந்த வீட்டில்தான். நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. நீ பாளையங்கோட்டைக்காரி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். நான் மன்னார்குடிக்காரி, அமைச்சகத்தில் ஃபைல் தள்ளுகிறவள். டெல்லியில் அரசுக் குடியிருப்பின் ஒரே படிக்கட்டில் பன்னிரண்டு வருடம் ஏறி இறங்கியும் கறிவேப்பிலை கடன் வாங்கும் அளவுக்குத்தான் பழக்கம். உன் மகள் வேலைக்குச் சென்னை போனதும் என் மகன் புனே போனதும் ஒரே கோடையில். அதற்கு வெகு காலம் முன்பே உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு டிவி இருந்தது. சனி ஞாயிறு என்று வாரத்தில் இரண்டு நாள் இருப்பதே நம் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பூத்தையல் ஆரம்பித்தேன், மூன்று வாரம். மொட்டைமாடித் தோட்டம், தக்காளி காய்க்கும் முன்பே அலுத்துவிட்டது. யோகா வகுப்பில் கண்ணை மூடச் சொன்னார்கள்; நான் திறந்து மணி பார்த்தேன். நீ எனக்கு ‘ஆரம்ப சூரி’ என்று பெயர் வைத்தாய். கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

பிறகு என் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நீ கண்ணாடியைக் கழற்றி, “நாளைக்கு அஞ்சரைக்குக் கீழ வா. நானும் வாரேன். எனக்கும் ஒடம்பு தடிச்சுப் போச்சு” என்றாய். நடக்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து வந்தேன். சாணக்யபுரியின் அந்த அகலமான சாலையில், தூதரக மதில்களை ஒட்டி, நீ துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, “அந்த லைட்டுக் கம்பம் வரைக்கும் ஓடுவோம்” என்றாய். ஓடுவதா? ஐம்பது வயதில், சல்வாரில், நடுரோட்டிலா? நான் நான்கு பக்கமும் பார்த்தேன். ஆள் நடமாட்டமே இல்லை. அதனாலேயே இன்னும் வெட்கமாக இருந்தது.

ஓடினோம். ஒரு கம்பம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் துப்பாக்கியை மடியில் சாய்த்துக்கொண்டு, “ஆன்ட்டி ஜி, பஸ் சலீ கயீ க்யா?” என்று கேட்டார். பஸ் போய்விட்டதா என்று. நான் வெட்கத்தில் நின்றே விட்டேன். நீ மூச்சிரைக்க, “ஹான் பையா, தஸ் சால் பெஹலே!” என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டினாய். பஸ் பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டதாம். அவர் சிரித்த சிரிப்பு அடுத்த கம்பம் வரைக்கும் கேட்டது. நானும் சிரித்துக்கொண்டே உன் பின்னால் ஓடி வந்தேன்.

அப்படித்தான் நாம் ஓட்டக்காரிகள் ஆனோம். ஒரு கம்பம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. நான் குதிரையாகக் கிளம்பி நடுவழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ மெதுவாக, அரைத்துக்கொண்டே வருவதுபோல் வந்து என்னைத் தாண்டும்போது, “மூச்சு வாங்குனா நட. நின்னுராத” என்பாய். ஓட்டம் முடிந்ததும் நம் மாநில இல்லத்துக் கேன்டீனில் பொங்கல். கரைத்ததைப் போல இரண்டு மடங்கு தின்போம். கேன்டீன்காரர் நம்மைப் பார்த்ததும் தட்டில் நெய்யை இன்னொரு கரண்டி விடுவார். நீ வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் பத்து கிலோமீட்டருக்கு எண் அட்டை வாங்கிவந்த அன்று, பின்பக்கத்தை நான் எழுதாமல் விட்டதைப் பார்த்து நீ கோபித்துக்கொண்டாய். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உனக்கு விளையாட்டே கிடையாது. “இப்படித்தான் எழுதாம விட்டுருதாவ. அடிபட்டு எங்க கேஷுவால்ட்டிக்கு வரும்போது பையில ஒரு நம்பர் இருக்காது. நாங்க யாரக் கூப்பிட? கண்ண தொறந்தா ‘யாரும் வரலியா’ன்னுதான் முதல்ல கேப்பாவ. வலிய விட அதான் கொடும.” நான் வீட்டுக்காரரின் எண்ணை எழுதப் போனேன். நீ பேனாவைப் பிடுங்கினாய். அவர் போன் எந்நேரமும் உள் அறையில் சார்ஜில் கிடக்கும் என்பது குடியிருப்புக்கே தெரியும். என் அட்டையில் உன் எண்ணை நீயே எழுதினாய். உன் அட்டையில் என் எண். இரண்டு பேரும் ஒரே ஓட்டத்தில் ஓடப்போகிறோம், இதில் யார் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். “பக்கத்துல இருந்தா கூப்பிடவே வேண்டாமே” என்றாய்.

அடுத்த பிப்ரவரியில் இருபத்தொரு கிலோமீட்டர் என்று முடிவு செய்தது நீ. பணம் கட்டியது, அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியது எல்லாம் நீ. நான் டிசம்பர் வரை தாக்குப்பிடித்தேன். பனிமூட்டத்தில் எழுந்து போர்வையை விட்டு வருவது ஒரு தவம். ஆபீசில் ஒருவர் பறவை பார்க்க ஓக்லாவுக்குக் கூப்பிட்டார். போனேன். யமுனைக் கரையில் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஓட்டம் போயிற்று. புதிதாக பைனாகுலர், பச்சை நிறத் தொப்பி, பறவைகளின் படப்புத்தகம். எனக்குத்தான் தெரியுமே என்னை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் படிக்கட்டில் உன்னிடம் சொன்னேன். நாளைக்கு வரவில்லை, குழுவாக ஓக்லா போகிறோம், வருடத்தில் இந்த வாரம்தான் வாத்துகள் அதிகம் என்று. நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

“கொக்கு பாக்கப் போறியாக்கும்” என்றாய். “போ. நான் ஒன் நம்பர எழுதிட்டேன். அடிக்க மாட்டேன். டெல்லியில எனக்கு வேற யாரு இருக்கா? போன மட்டும் கையில வச்சிரு.”

“சரி சரி” என்றேன். இரண்டு முறை சொன்னேன். ஒரு முறை சொல்லியிருந்தால் நினைவில் நின்றிருக்குமோ என்னவோ.

பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி. போனை ஒலியில்லாமல் வைத்துப் பையில் போட்டுவிட வேண்டும். மணி அடித்தால் ஏரியே எழுந்து பறந்துவிடும். நான் எந்த விதியையும் ஒழுங்காகப் பின்பற்றாதவள். அன்றைக்குப் பின்பற்றினேன். ஒன்பதரை மணிக்குப் பிளாஸ்கைத் தேடிப் பையைத் திறந்தபோது பதினொரு மிஸ்டு கால். எல்லாம் தெரியாத ஒரே எண்.

திருப்பிக் கூப்பிட்டு விசாரித்து நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நீ இல்லை. பதினேழாவது கிலோமீட்டரில் விழுந்திருக்கிறாய். நெஞ்சு. மற்றவர்கள் கையையெல்லாம் பிடித்து பிரஷர் பார்த்தவள், உன் கையை நீ பார்க்கவில்லை. நெஞ்செரிச்சல் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். பொங்கல் நெய்யின் மேல் பழி போட்டோம். போனை உடனே எடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். எல்லோரும் அதையே சொன்னார்கள். மாறியிருக்காதுதான். ஆனால் விழுந்த பிறகு முக்கால் மணி நேரம் உனக்கு நினைவு இருந்திருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி டாக்டருக்கு என்ன தெரியும்?

அதைப் பற்றித் தெரிந்தவள் ஒருத்திதான். தண்ணீர் கொடுக்க நின்ற தன்னார்வலர்களில் ஒருத்தி. ராஞ்சியிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். உன் அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்தவளும், பதினொரு முறை அடித்தவளும், ஆம்புலன்சில் உன்னோடு ஏறியவளும் அவள்தான். அட்டையையும் நான்கு ஊக்குகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். “ஏக் ஹீ பாத், ஆன்ட்டி. வோ கரேகி. தேக்தே ஹீ கரேகி.” ஒரே பேச்சுத்தான் சொல்லிக்கொண்டிருந்தாயாம். அவள் கூப்பிடுவாள், பார்த்ததும் கூப்பிடுவாள் என்று.

என்னைத் திட்டியிருக்கலாமே நீ. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்த இரண்டு வருடம் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு பைனாகுலரை ஆபீஸ்காரரிடமே கொடுத்துவிட்டேன். மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். கோணலாக ஒரு கிண்ணம், அதில் இப்போது சாவிகள் கிடக்கின்றன. ரொட்டி சுட்டேன். நான்கு தந்தி வைத்த சின்ன கிடார் ஒன்று வாங்கினேன். எதிலும் பத்து நாள் தாண்டவில்லை. முன்பெல்லாம் அலுத்துப்போய் விடுவேன். இப்போது அப்படி இல்லை. கை ஓய்ந்தால் அந்த முக்கால் மணி நேரம் வந்துவிடுகிறது, அதனால் அடுத்ததற்கு ஓடுகிறேன். “சனிக்கிழமை வந்தா உன்னப் பாக்கவே பயமா இருக்கு” என்கிறார் வீட்டுக்காரர்.

கடைசியாக வாங்கியது சைக்கிள். போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு, எங்கேயோ திரும்பி எப்படியோ சாணக்யபுரி வந்துவிட்டேன். அதே மதில், அதே நாற்காலி, அதே போலீஸ்காரர். மீசை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு எழுந்தே விட்டார். “அரே, ஆன்ட்டி ஜி! தூஸ்ரீ வாலீ கஹாங் ஹைங்?” இன்னொருத்தர் எங்கே என்கிறார்.

“ஆகே நிகல் கயீ” என்றேன். முன்னால் போய்விட்டாள். வாயில் அதுதான் வந்தது.

அவர் தலையாட்டிவிட்டு, “தோ பாகியே நா” என்றார். அப்படியானால் ஓடுங்களேன் என்று. எனக்கு அழுகை வந்தது. சைக்கிளை அவர் நாற்காலி ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடினேன். ஆறு கம்பம். மூச்சு வாங்கியது, நடந்தேன். நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். மூன்று வாரம் தாண்டியது, மூன்று மாதம் தாண்டியது. பார்த்துக்கொள், உன் ஆரம்ப சூரி.

இந்த ஞாயிறு பத்து கிலோமீட்டர். அதற்கு வந்த அட்டைதான் மேசையில் கிடக்கிறது. அலமாரியிலிருந்து உன்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் எழுதுகிற அதே அழுத்தமான கையெழுத்தில் என் பெயர், என் எண். மழையோ வியர்வையோ, ஒரு எழுத்துகூடக் கரையவில்லை.

இவ்வளவும் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மதியம் வந்த ஒரு போன். ராஞ்சிப் பெண். பண்டிகைக்குப் பண்டிகை கூப்பிடுவாள். இந்த முறை அவளும் ஓடுகிறாளாம், இருபத்தொன்று, முதல் தடவை. அட்டை வந்துவிட்டதாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆன்ட்டி, பீச்சே ஆப்கா நம்பர் லிக் தூங்?” என்று கேட்டாள்.

பின்னால் உங்கள் எண்ணை எழுதட்டுமா என்று, பதினொரு முறை அடித்து நான் எடுக்காத அதே எண்ணை. வேறு யாராவது இல்லையா என்று கேட்டேன். வீட்டார் ராஞ்சியில், இங்கே நீங்கள்தான் என்றாள். அந்தப் படிக்கட்டில் நீ சொன்னதேதான். என்னை எப்படி நம்புகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. “லிகோ” என்றேன், எழுது என்று. ஒரு முறைதான் சொன்னேன்.

இதை எழுதும் நடுவில் எழுந்து, என் அட்டையின் காலிக் கட்டத்தில் வீட்டுக்காரரின் எண்ணை எழுதி, உள் அறைக்குப் போய்ச் சார்ஜிலிருந்து போனைப் பிடுங்கி அவர் மடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

என் பத்து முடிந்த பிறகும் அவளுக்கு வெகு தூரம் பாக்கி இருக்கும். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன், அவள் வந்து சேரும் வரைக்கும். உட்கார முடியாத எனக்கு நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஓடும்போது போனைப் போட்டுக்கொள்ளும் இடுப்புப் பைகூட வாங்கவில்லை. மணிச் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறேன். ஏரியே எழுந்து பறந்தாலும் பறக்கட்டும். போன் கையில்தான் இருக்குடி.