ஜோசியர் பேச்சை மாற்றவில்லை

அன்புள்ள வால் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். போன் இருக்கும்போது பேனா எதற்கு என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது.

ஆபீசில் உன் நாற்காலி இன்னும் காலி. புது கம்ப்யூட்டர் சிப்பின் மாதிரியை நான் ஒருத்தியே சிமுலேட்டரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் சிப் பிறப்பதற்கு முன்பே அதன் குணமெல்லாம் தெரிய வேண்டுமாம், மேலாளர் உயிரை வாங்குகிறார். அதில் நீ 'ஜோசியர்' என்று பேர் வைத்த பகுதியை இப்போது எல்லாரும் அப்படியேதான் சொல்கிறார்கள். கணக்கு முடிவதற்குள் புரோகிராம் எந்தப் பக்கம் திரும்பும் என்று முந்திக்கொண்டு சொல்வார். சொன்னது அடுத்தடுத்து இரண்டு முறை தப்பானால் பேச்சை மாற்றிக்கொள்வார்.

புது வேலைக்குக் கிளம்பிய அன்று, 'இன்று சாயங்காலம் தம்பி போன் பண்ணுவானா' என்பதையும் விளையாட்டாக அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அவர் முதலில் சொல்வார், நடந்ததை நான் பிறகு தட்டுவேன். அச்சு அசலாகச் சொன்னார். நீ மறந்து தூங்கிய நாளைக்கூடப் பிடித்துவிட்டார்.

மலைக்கு பஸ்ஸில் போகிறேன் என்றாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 'வராது' என்றே சொல்கிறார். போன் தவறாமல் வருகிறது. நானும் 'வந்தது' என்று தட்டிக்கொண்டே இருக்கிறேன். மனுஷன் மசியவில்லை. வரிக்கு வரி குடைந்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. பால்காரர் வருவாரா என்று கேட்டால் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார். உன் விஷயத்தில் மட்டும்தான் இந்தப் பிடிவாதம்.

சனியன், மெஷின்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் நீ என்னைக் கிண்டல் செய்தே எத்தனை நாளாயிற்று! "சாப்ட்டியா? உடம்பைப் பாத்துக்கோ, வெச்சிடறேன்." தினமும் போனில் அதே வார்த்தை, அதே இழுப்பு. நேற்று அம்மாவிடமிருந்து நான் போனை வாங்கி, ஜோசியருக்குப் பேர் வைத்தது யார் என்று கேட்டேன். அதற்கும் அதே "சாப்ட்டியா?"தான்.

அம்மாவிடம் சொன்னால், "புள்ள அலுப்புல பேசுது, ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சண்டைக்கு வருகிறாள். அந்தப் போன் வந்தால்தான் அவளுக்கு மாத்திரையே இறங்குகிறது. உன் புது ஆபீசுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. பயமாக இருக்கிறதுடா.

அதனால்தான் உன் அறை முகவரிக்கு இதைப் போடுகிறேன். போன் வேண்டாம். உன் கோழிக்கிறுக்கலில் ஒரு வரி எழுது.

கையெழுத்துப் போட்டு உறையில் வைக்கப் போனேன், போன் அடித்தது. அம்மாதான் எடுத்தாள். "அக்கா லெட்டர் எழுதறா, போட வேணாம்னு சொல்லு" என்று நீ சொன்னதாகச் சொல்கிறாள். நான் எழுதுவது அம்மாவுக்கே தெரியாது.

தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். எழுதுடா.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா