பட்டன் பெரியம்மாவிடம் நான் ஜெயித்த நாள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாயா? இங்கே அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மாடிக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று. அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனிமேலாவது நேரத்துக்கு எழுந்திருப்பான் என்கிறார் அப்பா, எனக்கு நம்பிக்கையில்லை.

உன்னோடு தங்கியிருக்கும் பெண் சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கும்பிடுவதைப் பற்றி வாதம் பண்ணி அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படியே அம்மா வாய் என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

தையல் கம்பெனியில் பட்டன் தைத்த நம் பட்டன் பெரியம்மா பதினேழு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷின். நான் ஓவர்டைம் பார்த்த நாளெல்லாம் தன் பிள்ளையோடு உனக்கும் சேர்த்துச் சோறூட்டினவள். மெஷினைத் தொடும் முன் அவள் முணுமுணுப்பாள், உங்க கடவுளுக்கு லீவே கிடையாதாக்கா என்பேன், உன் வாய்க்குந்தான்டி கிடையாது என்பாள். எத்தனை வருஷம் இப்படியே சிரித்தோம். அவள் மகன் லாரியில் அடிபட்டுப் போனபோதுகூட அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான், அது உனக்குத் தெரியும்.

அது நடந்து எட்டாம் மாசம், சாப்பாட்டு நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கும்பிட்டா ஏதாச்சும் நடக்குமாக்கா என்று பெரியம்மாவிடம் சும்மா கேட்டாள். பேச்சு வளர்ந்தது. நான் சொல்வதற்கெல்லாம் மேஜையே சிரித்தது, எனக்கும் தலைகால் புரியவில்லை. அக்கா மெதுவாக, என் புள்ள அவர்கிட்டதான் பத்திரமா இருக்கான் என்றாள். நான் அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அவ்ளோ நல்லவரு பத்தொம்பது வயசுல எதுக்குக்கா அவனைக் கூப்பிட்டுக்கிட்டாரு என்று கேட்டுவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினாள். நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம்டி, ஆனா அவனை வெச்சுக்க எனக்கு வேற எடம் இல்ல என்றாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாங்க, உக்காருங்க என்றாள். தண்ணீர் கொடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைங்க, நீங்க அழாதீங்க என்று என் முதுகைத் தடவினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த "ங்க"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினேழு வருஷமாக "வாடி, போடி" என்றவள், சின்னவளே.

எனக்கு இன்றும் சாமி நம்பிக்கை வந்துவிடவில்லை, உனக்கும் வரவேண்டும் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்பதும் தப்பில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்க்காமல் அதை உதைத்துவிடாதே. அந்தப் பெண் எதற்காகக் கும்பிடுகிறாள் என்று நீ கேட்டாயா? நான் பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா வேலையை விட்டுவிட்டுத் தம்பி ஊருக்குப் போய்விட்டாள். எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், என்னையும்தான். வர்றேங்க என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நாலு பேர் பிரியமாய் நடத்தும்படி நீ நன்றாக இருக்கவேண்டும். பெரியம்மாவின் புது நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், மறக்காமல் பேசு, நான் சொல்லிப் பேசுவதாகக் காட்டிக்கொள்ளாதே. என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்று சொல். கேட்கவில்லையென்றால், அதை எனக்கு எழுதாதே.

உன் அம்மா