ஸ்டெல்லாவின் தோசைக்கல்

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய். சிதம்பரம்.

பொறாமையில் மருமகளின் இரும்புத் தோசைக்கல்லை நான் கெடுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அது தவறு. கல்லில் இருந்த கறுப்பை அழுக்கு என்று நினைத்துத்தான் சோப்பு போட்டுக் கம்பி நாரால் தேய்த்தேன். கான்வென்ட் சமையலறையில் வேலை பார்த்துப் பழகிய கை. பளபளக்காத பாத்திரத்தைக் கண்டால் சும்மா இருக்காது.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். வந்த அன்றே ஸ்டெல்லா சொன்னாள்: "அத்தை, அதுக்கு மட்டும் சோப்பு போடாதீங்க. எங்கம்மா இருபது வருஷமா எண்ணெய் தடவிப் பழக்கின கல்லு." நன்றாகக் காதில் விழுந்தது. அவள் தோசையை என் மகன் புகழ்ந்த மறுநாள்தான் தேய்த்தேன். அவள் அம்மா இப்போது உயிரோடு இல்லை.

வெளுத்த கல்லை அவள் பார்த்தாள். அதை இங்கேயே வைத்துவிட்டு என் மகனோடு கடலூருக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டாள்.

பத்து நாளாக நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் தேய்க்கிறேன். இன்று காலை முதல் தோசை கிழியாமல் வந்தது. எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

நாளை அவளுக்கு எழுத வேண்டியது:

ஸ்டெல்லா, தெரிந்தேதான் தேய்த்தேன். மன்னித்துவிடு. கல்லை எடுத்துக்கொண்டு நான் வரலாமா? போனில் எனக்குப் பேச வராது. கார்டில் ஒரு வரி எழுதிப் போடு.