மூடவிடாத வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் யோகேஸ் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி வலி தேவலையா? மழைக்குப் பிறகு சிடாம் கிரி தோட்டத்து மேட்டில் வழுக்கும், ரப்பர் மரம் சீவப் போகையில் பார்த்து நடங்கள்.

இங்கே ஜெர்மனியில், கிழிந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பரைச் செய்ய முயல்கிறோம். வெட்டுப்பட்ட பால் மரம் தன் காயத்தை எப்படி மூடிக்கொள்கிறது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். அதற்காக வளர்க்கும் கன்றில் வெட்டுப் போடும் வேலை எனக்கு. நீங்கள் போடுவதைப் போலவே சாய்வாகப் போட்டேன். மறுநாள் காலையில், யோசிக்காமலே, உறைந்த பாலை உரித்து அதே இடத்தில் மறுபடி சீவினேன். மூன்று நாள் இப்படி.

பேராசிரியர் பார்த்துவிட்டு, "காயம் மூடுவதை அளக்கத்தானே இந்தக் கன்று? தினமும் நீயே திறந்தால் எப்படி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "காயம் மூடிட்டா பால் எப்படி வரும் லா" என்று நீங்கள் சொல்லிப் பழக்கிய கை அப்பா இது.

இப்போது கன்றைத் தொடுவதில்லை. நன்றாக மூடிக்கொண்டது.

அம்மா அரைத்து வைத்த கறித்தூள் மிச்சமிருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள். அம்மா தவறுவதற்கு முந்தின நாள் எனக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவை உங்கள் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன். என் போன் பழசு, அதனால்தான். அழித்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கவும் வேண்டாம்.

நான் தினமும் காலையில் கேட்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

யோகேஸ்வரி